குழந்தையை விட்டு மூன்று நாள் பயணம்: பால் வற்றிவிடுமா?
ஐந்து மாதக் குழந்தையை வீட்டில் விட்டுப் போனால் பால் நின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று நாளில் நிற்காது. ஆனால் மார்பு நிறைந்தே இருந்தால் உடல் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். அதனால் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரு பக்கமும் 15 நிமிடமாவது பால் எடுங்கள். பலர் கோட்டை விடுவது இரவு ரயிலில்தான். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் இரவில்தான் அதிகம். அலாரம் வைத்து ஒருமுறையாவது எழுந்துவிடுங்கள்.

பால் எடுக்கும் பம்ப் திடீரென இழுக்கவில்லையா? மோட்டாரைத் திட்டுவதற்கு முன் வால்வைப் பாருங்கள். வாத்தின் அலகு போல இருக்கும் அந்தச் சின்ன சிலிகோன் துண்டின் நுனிப் பிளவு மூடாமல் விரிந்திருந்தால் உறிஞ்சல் போய்விடும். ஒன்று கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜ் தீர்ந்தால் கை இருக்கிறது: கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காம்பைச் சுற்றியுள்ள கருவளையத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரண்டையும் சேர்த்துப் பிழியுங்கள். காம்பை இழுத்தால் வலிதான் மிஞ்சும்.

எடுத்த பால் 25 டிகிரி வரை 4 மணி நேரம் தாங்கும், உறைந்த ஜெல் பைகளோடு குளிர்பையில் 24 மணி நேரம். வெயிலில் நிற்கும் பஸ்ஸில் அந்த 4 மணி நேரக் கணக்கு செல்லாது. வைக்க வழியில்லையென்றால் கொட்டிவிடுங்கள். எடுப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.