பெரிய இசை விழாவில் வாசித்தால் கட்டுப்படியாகுமா? கேள்வி பதில்

பதினான்கு வருடமாகச் சென்னையில் ஒரு தமிழ் பேண்டில் பேஸ் கிடார் வாசிக்கிறேன். சொந்தப் பாட்டு மட்டும்தான், சினிமா இல்லை. கணக்கு நோட்டும் என்னிடம்தான் இருக்கிறது. பெரிய விழாக்களைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி (கோவை): அக்கா, வடக்கே ஒரு பெரிய விழாவில் கூப்பிட்டிருக்கிறார்கள். 60,000 தருகிறார்களாம். போகலாமா?

நாங்கள் முதல்முறை புனேயில் ஒரு பெரிய விழாவுக்குப் போனபோதும் இதே 60,000தான். டிடிஎஸ் 10 சதவீதம் போக 54,000 வந்தது. பேண்டில் ஐந்து பேர், சவுண்ட் பார்க்கும் தம்பி ஒருவர். ஆறு பேருக்கும் மூன்றாம் வகுப்பு ஏசியில் போய்வர 20,400. ஒரு ராத்திரி தங்குவதற்கு அவர்கள் கொடுத்தார்கள், இன்னொரு ராத்திரிக்கு எங்கள் கைக்காசு 5,000. டிரம்ஸ் சாமானோடு டாக்ஸி 4,500, சாப்பாடு 4,000, போவதற்கு முன் ஒத்திகை ஸ்டுடியோ வாடகை 6,000, சவுண்ட் தம்பிக்கு 6,000. மிச்சம் 8,100, ஆளுக்கு 1,620 ரூபாய். அதுவும் கையில் வர ஐந்து மாதம் ஆனது.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பளத்தை நம்பிப் போகாதே என்கிறேன். பாதிப் பணமாவது மேடை ஏறும் முன் கணக்கில் விழ வேண்டும் என்று மெயிலில் எழுதி வாங்கிக்கொள். போனில் சொன்னது சொன்னதாகாது.

கேள்வி: பணம் கிடையாது, ஆனால் எக்ஸ்போஷர், அதாவது நாலு பேர் கண்ணில் படும் வாய்ப்பு, கிடைக்கும் என்கிறார்களே?

லைட்காரருக்கும் பந்தல்காரருக்கும் எக்ஸ்போஷரா கொடுக்கிறார்கள்? போக்குவரத்து, தங்குமிடம் இரண்டும் இல்லையென்றால் வேண்டாம்.

கேள்வி (திருச்சி): எங்களுக்கு மதியம் இரண்டரை மணி ஸ்லாட். கூட்டமே இருக்காதே, பிரயோஜனம் உண்டா?

புனேயில் எங்களுக்கும் இரண்டரைதான். வெயில் மண்டையைப் பிளக்கிறது, மேடைக்கு முன்னால் நாற்பது பேர், அதில் பாதிப் பேர் மர நிழலுக்காக நின்றவர்கள். சவுண்ட் செக் கிடையாது, ஒவ்வொரு வாத்தியத்திலும் சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்க்கும் பதினைந்து நிமிட லைன் செக் மட்டும். நாங்கள் வாசிப்பது எங்களுக்கே கேட்பதற்காக மேடையில் வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் எனக்கு டிரம்ஸின் ஹைஹாட் தாளத்தட்டைத் தவிர எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது பாட்டில் நிழலில் நின்ற ஒரு பையன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தான். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. முடிந்ததும் பாட்டுப் பெயரை எழுதித் தரச் சொன்னான். அடுத்த பிப்ரவரியில் தன் கல்லூரி விழாவுக்கு அவன்தான் கூப்பிட்டான். அங்கே கிடைத்தது இந்த 60,000 போல இரண்டு மடங்கு.

அவன் கேட்காமல் போயிருந்தால் அன்றைய நாளே வீண். எங்கள் பெயர் மேடையில் எங்கேயும் இல்லை. அப்புறம்தான் புத்தி வந்து கிக் டிரம் முகப்பில் பேண்ட் பெயரையும் கியூஆர் கோடையும் ஒட்டினோம். நீங்கள் முதலிலேயே ஒட்டிவிடுங்கள். டி-ஷர்ட் நிறைய அடிக்காதீர்கள். நாங்கள் அறுபது கொண்டுபோய்ப் பதினொன்று விற்றோம். மீதி இன்னும் என் பீரோவில் இருக்கிறது, எல்லாம் எக்ஸ்எல்.

கேள்வி: ஒப்பந்தத்தில் 60 நாளைக்கு அதே ஊரில் வேறு நிகழ்ச்சி கூடாது என்று இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா?

டிக்கெட் விற்கும் பெரிய பெயர்களுக்காக எழுதிய ஷரத்து அது. அமெரிக்காவில் சிகாகோவின் லொல்லபலூசா இசை விழாவில் இதே மாதிரி ஷரத்துகளை இல்லினாய் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகமே 2010இல் விசாரித்தது. போஸ்டரின் கடைசி வரியில் பெயர் வரும் நமக்கு அது எதற்கு? அதே ஊரில் ஒரு கபே கச்சேரி சேர்ந்தால்தான் ரயில் காசு வரும். எடுத்துவிடச் சொல்லிக் கேளுங்கள். எங்களுக்கு இரண்டு முறை மறுபேச்சில்லாமல் எடுத்தார்கள். யாரும் கேட்பதில்லை, அதனால் அப்படியே கிடக்கிறது.

கேள்வி (மதுரை): அருணாசலப் பிரதேசத்தில் ஸீரோ என்ற ஊரில் நடக்கும் இசை விழாவுக்கு விண்ணப்பிக்க ஆசை. தூரத்தைப் பார்த்துத் தயங்குகிறோம்.

தயங்க வேண்டிய தூரம்தான். ரயிலில் கவுஹாத்திக்கே இரண்டு நாளுக்கு மேல். பிறகு நஹர்லகுன், அங்கிருந்து மலைப்பாதையில் சுமோ வண்டி. அந்த மாநிலத்துக்குள் நுழைய வாங்க வேண்டிய இன்னர் லைன் பர்மிட்டையும் மறந்துவிடாதீர்கள். ஆனால் 2012இல் தொடங்கிய அந்த விழாவின் ருசியே வேறு. அபதானி மக்களின் பள்ளத்தாக்கு, மூங்கிலில் கட்டிய மேடைகள், சுற்றிலும் நெல்வயல். அவ்வளவு தூரம் வருகிறவர்கள் பாட்டுக் கேட்கத்தான் வருகிறார்கள், பெயர் தெரியாத பேண்டுக்கும் நின்று காது கொடுக்கிறார்கள். வரவு செலவு பார்த்தால் நஷ்டம். வாழ்க்கையில் ஒருமுறை படலாம். வழியில் கவுஹாத்தியிலோ ஷில்லாங்கிலோ ஒரு நிகழ்ச்சி பிடியுங்கள்.

கேள்வி (ஒரு தந்தை): மேடம், என் மகள் வீணை வாசிக்கிறாள். மார்கழி சீசனில் வாய்ப்புக்கு நன்கொடை கேட்கிறார்கள். அதுவும் விழாதானே, கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள் சார். நான் கர்நாடக சங்கீத ஆள் இல்லை, ஆனாலும் காசு கொடுத்து வாங்கிய மத்தியானக் கச்சேரிகளுக்குத் தோழிகளுக்காகப் போய் உட்கார்ந்திருக்கிறேன். அரங்கில் அப்பா, அம்மா, குரு, ஏசிக்காகத் தூங்க வந்த ஒரு மாமா. அந்தப் பணத்தில் பாப்பாவை நல்ல மைக் வைத்து அரை மணி நேரம் பதிவு செய்யுங்கள். காசு வாங்காத சிறிய சபாக்களுக்கு அதை அனுப்பலாம்.

கேள்வி: வெளிநாட்டு விழா? அமெரிக்காவின் ஆஸ்டினில் நடக்கும் சவுத் பை சவுத்வெஸ்ட்?

விண்ணப்பிக்கவே கட்டணம் உண்டு. இசைக்கலைஞர்கள் போராடிய பிறகுதான் 2024இல் வாசிக்கும் பேண்டுக்குத் தரும் சம்பளம் 250 டாலராக இருந்ததை 350 ஆக்கினார்கள். விசா செலவை வைத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். அரசோ அறக்கட்டளையோ டிக்கெட் போட்டால் மட்டும் போகலாம்.

கேள்வி: மேடையில் சொந்தப் பாட்டைப் பாடினால் ராயல்டி வருமாமே?

வரும். பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தின் உறுப்பினராக இருக்க வேண்டும், பாட்டுகளைப் பதிந்திருக்க வேண்டும், விழாக்காரர்கள் லைசென்ஸ் கட்டியிருக்க வேண்டும். பாடிய பாட்டுகளின் பட்டியலும் சங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். எங்களுக்கு இது எட்டு வருடம் தெரியாது. இப்போது மேடையிலிருந்து இறங்கி வண்டி ஏறியதும், வேர்வை காய்வதற்குள், அந்தப் பாட்டுப் பட்டியலைப் படம் எடுத்து எங்கள் குரூப்பில் போட்டுவிடுவேன்.