மனிதர் யாரும் இல்லையென்றால் உண்மை என்று ஒன்று இருக்குமா?

இருக்கும். "எல்லாம் அவரவர் பார்வையைப் பொறுத்தது" என்று யாரோ உங்களை வாயடைத்திருப்பார்கள். அதனால்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

1930 ஜூலை 14 அன்று, பெர்லினை அடுத்த கபுட் கிராமத்தில், ஐன்ஸ்டைன் வீட்டில் தாகூரும் அவரும் இதைத்தான் வாதிட்டார்கள். மனிதனை விட்டுத் தனியாக உண்மை கிடையாது என்றார் தாகூர். வீட்டில் ஆளே இல்லாவிட்டாலும் மேசை இருந்த இடத்தில்தான் இருக்கும் என்றார் ஐன்ஸ்டைன். இதை நிரூபிக்க முடியாது, ஆனாலும் அதுவே தன் மதம் என்றார். ஆளில்லாத வீடு எங்கள் செட்டிநாட்டில் தெருவுக்குத் தெரு உண்டு. எனக்கு அந்த மேசை நன்றாகவே புரிகிறது.

அப்பச்சி (அப்பா) காலமான பிறகு பங்காளிகள் கூடிச் சாமான் பிரித்தோம். ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) ஆயா வீட்டில், அதாவது அவர் பிறந்த வீட்டில், கொடுத்த பித்தளை அண்டாக்கள் இரண்டாங்கட்டு அறையில் கிடந்தன. உறவில் பெரியவர் ஒருவர், "அதெல்லாம் பொதுச் சாமான். இதுல உண்மை பொய் என்ன இருக்கு? அவுகவுக நினைப்புதான்" என்றார். (குடும்பச் சண்டையை ஊரறியச் சொல்கிறாள் என்று யாரும் வர வேண்டாம். பெயர் சொல்லவில்லை.) கல்யாணத்தில் எழுதிய சாமான் சிட்டையை எடுத்தால் பாதியைக் கரையான் தின்றிருந்தது. அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, விளிம்புக்குக் கீழே புளி வைத்துத் தேய்த்தேன். களிம்பு போகப் போக, புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து தெரிந்தது. ஆயா வீட்டு ஐயாவின், அதாவது ஆத்தாவின் அப்பா பெயரின், முதலெழுத்துகள். அறை பூட்டிக் கிடந்த காலமெல்லாம், படிக்க ஆளில்லாமலே அவை அங்கே இருந்திருக்கின்றன.

தாகூரை நான் ஒதுக்கவில்லை. காகிதத்தைத் தின்னும் பூச்சிக்கு இலக்கியம் என்று ஒன்றே இல்லை என்றார் அவர். சிட்டையைத் தின்ற கரையானுக்கு எங்கள் குடும்பக் கணக்கு எங்கே தெரியும்? அண்டா யாருக்குச் சொந்தம் என்பதும் மனிதர் ஏற்படுத்திய வழக்கம்தான். ஆனால் கொடுத்தது கொடுத்ததுதானே! படிக்க ஆள் வேண்டும் என்பதற்காக, படிக்கிறவர் இஷ்டத்துக்கு எழுத்து மாறிவிடுமா?

அணுவுக்குள் நடப்பதைச் சொல்லும் குவாண்டம் இயற்பியலைக் காட்டி, "யாராவது பார்த்தால்தான் எதுவும் முடிவாகும்" என்று மறுக்க வருகிறவர்களுக்கு: அங்கே அளப்பது கருவி. மனிதக் கண் பார்த்தாக வேண்டும் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. இங்கே பர்மாத் தேக்குத் தூணையும் நிலைக்கதவையும் கழற்றிப் பழஞ்சாமான் கடைக்கு விற்கிறார்கள். எந்த ஊர், எந்த வீடு என்று ஒரு சீட்டுகூட ஒட்டுவதில்லை. நாளைக்கு ஏதோ ஓட்டல் முகப்பில் அந்தத் தூண் நிற்கும். ஆளுக்கொரு கதை சொல்வார்கள். மறுத்துப் பேச யார் இருப்பார்கள்? விற்காதீர்கள் என்று சொல்ல நான் யார். ஊர்ப் பெயரையாவது எழுதிக் கொடுங்கள்.