வேலை போய், அயலும் வெறிச்சோடி, மாரியும் பிடித்துவிட்டால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: களுவாஞ்சிக்குடிப் பக்கம் வீடு. வேலை பார்த்த ஆடைத் தொழிற்சாலை மூடியாயிற்று. பழகிய குடும்பங்கள் பாதி வெளிநாடு போய்விட்டன, பக்கத்து வீட்டில் புது ஆட்கள். கார்த்திகை மழை வேறு. மனம் எதிலும் ஒட்டவில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

முதலில் கடதாசி வேலையை முடியுங்கள். மூடிய இடத்தில் நாள் போகப்போகக் கையெழுத்து வைக்க ஆள் கிடைக்காது. சேர்ந்த திகதி, விலகிய திகதி, பார்த்த வேலை மூன்றும் எழுதிய சேவைச் சான்றிதழை இப்போதே வாங்குங்கள். சம்பளத் துண்டுகளை அடுக்கி, ஈ.பி.எவ்வுக்கு (ஊழியர் சேமலாப நிதிக்கு) சம்பளத்தில் உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் மாதாமாதம் போயிருக்கிறதா என்று பாருங்கள். முதலாளி கட்டும் 3 வீத ஈ.ரி.எவ் (ஊழியர் நம்பிக்கை நிதி) காசை வேலை விட்டதும் எடுக்கலாம். ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்ததற்கு 5 வருடம் பொறுக்க வேண்டும், ஆகவே அவசரம் இல்லையென்றால் விட்டுவையுங்கள். மெஷினில் வருடக்கணக்காக இருந்த கைக்குப் புதுப் பயிற்சி தேவையில்லை. தெரிந்த வேலையைச் செய்துகாட்டியே என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது. பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

காத்திருக்கும் நாட்களுக்குக் கீரை போடுங்கள். மூன்று நாலு நாளிலேயே முளைத்துவிடும், சோர்ந்த மனதுக்கு அது பெரிய உதவி. ஆனால் கார்த்திகை, மார்கழியில் வெறும் நிலத்தில் பாத்தி போடவேண்டாம். அடைமழை விதையை மண்ணுக்குள் அடித்துவிடும். நம் கடற்கரை மணலில் எருச் சத்தும் கழுவப்பட்டு இலை மஞ்சளாகும். உரப்பையைப் பாதியாக வெட்டி, அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டு, இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு கூட்டெரு, ஒரு பங்கு மக்கிய மாட்டெரு கலந்து நிரப்புங்கள். வெயில் படுகிற, கூரைத்தண்ணீர் விழாத இடத்தில் வையுங்கள்.

முளைக்கீரை விதை ஒரு சிட்டிகை போதும். பத்து மடங்கு காய்ந்த மணலோடு கலந்து தூவி, விரலால் மெல்லக் கீறிவிட்டு, கிடுகுத் துண்டால் மூடுங்கள். எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகும், பையைச் சுற்றி ஒரு பிடி அரிசிமா தூவினால் அது அந்தப் பக்கம் திரும்பிவிடும். முளை தெரிந்த அன்றே கிடுகை எடுத்துவிடுங்கள். ஒருநாள் பிந்தினாலும் தண்டு வெளுத்து நீண்டு சாயும். நெருக்கமாக முளைத்தால் அடித்தண்டு கறுத்து அழுகும், ஆகவே இரண்டு விரல் இடைவெளிக்குப் பிடுங்கிக் கலையுங்கள். பிடுங்கிய குஞ்சுக்கீரை சுண்டலுக்கு நல்லது. 25 முதல் 30 நாளில் முழுக்கீரை கைக்கு வரும். நாலைந்து பைகளில் வாரம் ஒன்றாக விதைத்தால் ஒவ்வொரு வாரமும் ஒரு பிடி கிடைக்கும்.

தை பிறந்து மழை ஓய்ந்ததும் மூன்றடி அகலம், ஒரு அடி உயரத்தில் பாத்தி கட்டி வெண்டியும் பயிற்றையும் போடலாம். வறண்ட கச்சான் காற்று வீசும் காலத்தில் கிணற்றை மோட்டரால் ஒரேயடியாக இறைக்கவேண்டாம். கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட இந்த மணலில் நல்ல தண்ணீர் உவர்நீருக்கு மேலேதான் மிதக்கிறது. வேகமாக இறைத்தால் உவர் ஏறும்.

புது அயலவர்களோடு பேச்சுத் தொடங்க, வீதிக் கானை (வடிகாலை) எல்லாரும் சேர்ந்து துப்புரவாக்குவதைவிட நல்ல வழி இந்த மாதத்தில் இல்லை. அடைத்த கான் அவர்கள் வாசலுக்கும் வெள்ளத்தைக் கொண்டுவரும், அதனால் கூப்பிட்டால் வருவார்கள். கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, அள்ளிய மண்ணை ஏற்ற பிரதேச சபை டிராக்டரைக் கேளுங்கள். காலில் புண் இருப்பவர்கள் கானுக்குள் இறங்கவேண்டாம், மற்றவர்கள் பூட்ஸ் போட்டே இறங்குங்கள். மாரியில் எலிக்காய்ச்சல் சேற்றுத் தண்ணீரால்தான் தொற்றுகிறது. அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் கானில் வேலை செய்ததை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.