மழைக்கு எஸ்.டபிள்யூ.ஆர். ஏறினால் ஒயரை வெட்டலாமா?

கேள்வி: முட்டத்தில் கடற்கரைக்கு அரைக் கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு. ஹாம் ரேடியோவில் 7 மெகாஹெர்ட்ஸுக்கு நானே ஒரு டைபோல் (நடுவில் கேபிள் சேரும், இருபக்கமும் ஒயர் நீளும் ஆன்டெனா) கட்டினேன். நடுப்பகுதி மொட்டை மாடிக் குழாயின் உச்சியில், நுனிகள் இரண்டும் தென்னைகளில். வீட்டு ஒயரிங்கில் மிஞ்சிய ஒயர். கீழே இறங்குவது கேபிள் டிவி கேபிள். ஆன்டெனாவிலிருந்து எவ்வளவு சக்தி திரும்பி வருகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். (1 என்றால் எதுவும் திரும்பவில்லை) மார்ச்சில் 1.4 இருந்தது. ஜூன் மழைக்குப் பிறகு காலையில் 3க்கு மேல் காட்டுகிறது, நல்ல வெயில் அடித்தால் மத்தியானம் 2க்கு இறங்குகிறது. ஒயரை எவ்வளவு வெட்ட வேண்டும்?

பதில்: ஒரு சாண்கூட வெட்டாதீர்கள். வெயிலில் இறங்கி மழையில் ஏறுகிறது என்றால் நீளத்தில் கோளாறு இல்லை. எங்கோ தண்ணீர் புகுந்திருக்கிறது. இன்று வெட்டினால், பழுதைச் சரிசெய்த பிறகு ஒயர் குட்டையாகி நிற்கும்.

எனக்குச் சந்தேகம் நடு இணைப்பின் மேல்தான். கேபிள் டிவி கேபிளில் வெளிப்பின்னல் பெரும்பாலும் அலுமினியம். அதில் ஈயம் பிடிக்காது, அதனால் செம்பு ஒயரோடு முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருப்பீர்கள். அலுமினியமும் செம்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் இறங்கினால் அலுமினியம் அரித்துப்போகும். நாகர்கோவிலில் என் மாடியில் அப்படியொரு இணைப்பைப் பிரித்தபோது டேப்புக்குள் வெள்ளைப் பொடிதான் இருந்தது. பின்னல் இழைகள் விரல் பட்டதும் உதிர்ந்தன. நாகர்கோவிலிலேயே இப்படி என்றால், முட்டத்தின் உப்புக்காற்றுக்குச் சொல்லவே வேண்டாம்.

மேலே ஏறுமுன் கீழேயே ஒரு சோதனை செய்யுங்கள். மழை பெய்த மறுநாள் காலையில் கேபிளை ரிக்கிலிருந்து (ரேடியோ செட்டிலிருந்து) கழற்றி, நடுக்கம்பிக்கும் வெளிக்கூட்டுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். விரல் படக்கூடாது. பலூன் (balun - கேபிளையும் டைபோலையும் பொருத்தும் சுருள்) இல்லாத உங்கள் டைபோலில் எதுவுமே காட்டக்கூடாது. சில கிலோ ஓம் காட்டி, முனைகளை மாற்றி வைத்ததும் வேறு எண் வந்தால் உள்ளே தண்ணீர் நிற்கிறது. இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரியாகிவிடுவதால்தான் எண் மாறுகிறது.

அந்தக் கேபிளைத் தூர எறிந்துவிட்டு, செம்புப் பின்னல் உள்ள ஆர்.ஜி.58 என்ற 50 ஓம் கேபிள் வாங்குங்கள். மேலே ஏற்றுமுன் அதையும் சோதிக்கலாம். 2 வாட், 1 கிலோ ஓம் கார்பன் ஃபிலிம் ரெசிஸ்டர் 20 எண்ணத்தைப் பக்கவாட்டில் (பேரலலாக) சேர்த்துப் பற்றவைத்தால் 50 ஓம் டம்மி லோடு, அதாவது ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் சோதனைச் சுமை, கிடைக்கும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் இதற்கு ஆகாது. அதைக் கேபிளின் மறுமுனையில் மாட்டி, குறைந்த பவரில் சில நொடி சிக்னல் அனுப்பினால் எஸ்.டபிள்யூ.ஆர். 1ஐ ஒட்டி நிற்க வேண்டும்.

இணைப்பில்தான் பொறுமை வேண்டும். பின்னலை ஒரு புரியாக முறுக்கி ஈயம் பூசி, ஒயரோடு பற்றவையுங்கள். திருகு போடுவதென்றால் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ். சாதா இரும்புத் திருகு வேண்டாம். மேலே தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன்மேல் கறுப்பு டேப். சிலிக்கான் பூசுவதானால், வினிகர் வாடை அடிப்பதை வாங்காதீர்கள். அந்த அமிலம் செம்பை அரிக்கும், நியூட்ரல் வகை என்று கேட்டு வாங்குங்கள். பிவிசி பெட்டிக்குள் வைத்தால் அடிப்பக்கம் ஒரு சிறு துளை போடுங்கள். கேபிள் பெட்டிக்குள் கீழிருந்து நுழைய வேண்டும், வீட்டுக்குள் நுழையும் இடத்திலும் ஒரு வளைவு தொங்கவிடுங்கள்; தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

இனி தென்னை. நுனியில்தான் வோல்டேஜ் மிக அதிகம், ஈர ஓலை அதில் உரசினாலும் ரீடிங் மாறும். நுனிக்கும் மரத்துக்கும் நடுவே 2 மீட்டர் நைலான் கயிறு விடுங்கள். படகுக்கு வாங்கும் கயிறு வெயிலையும் உப்பையும் தாங்கும். மரம் ஆடும்போது ஒயர் அறாமலிருக்க, ஒரு பக்கக் கயிற்றைக் கப்பி வழியாக இறக்கி மணல் நிரப்பிய கேனைத் தொங்கவிடுங்கள். மின்கம்பி போகும் பக்கத்து மரத்தில் மட்டும் கட்டவே கட்டாதீர்கள்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்தபோது நம் மாவட்டத்தில் கரண்டும் செல்போனும் இல்லாமல் தவித்தோமே, அப்படிப்பட்ட நாளுக்குத்தான் இந்த ஒயர். மழையில் சரியாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதே உண்மையான சோதனை.

எல்லாம் முடித்த பிறகு 7.0, 7.1, 7.2 மெகாஹெர்ட்ஸ் மூன்றிலும் எஸ்.டபிள்யூ.ஆர். அளந்து பாருங்கள். 7.1க்கு மொத்தம் சுமார் 20 மீட்டர் கணக்கு. பிவிசி உறை உள்ள வீட்டு ஒயர் அதைவிடச் சற்றுக் குறைவாகவே கேட்கும். 7.0 பக்கம் குறைவாகவும் 7.2 பக்கம் அதிகமாகவும் காட்டினால் ஒயர் தேவைக்கு மேல் நீளம் என்று அர்த்தம். அப்போதும் வெட்டாதீர்கள். இரு நுனியிலும் 10 சென்டிமீட்டர் மடித்து ஒயரோடு சேர்த்து முறுக்குங்கள், சுமார் 70 கிலோஹெர்ட்ஸ் மேலே நகரும். போதாவிட்டால் இன்னொரு மடிப்பு, கூடிப்போனால் பிரித்துவிடலாம்.