‘அக்டோபர் கடைசியிலிருந்து காரணமில்லாமல் அழுகிறேன்’

மதிப்புக்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 27. சொந்த ஊர் புதுச்சேரி, முத்தியால்பேட்டை. எம்.காம். முடித்து ஆடிட்டர் அலுவலகம் ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். கல்யாணமாகி ஆகஸ்ட் கடைசியில் பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகருக்கு வந்தேன். கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். நல்லவர். காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவு ஏழரைக்குத்தான் வருவார். அதுவரை மூன்றாவது மாடியில் நான் மட்டும்.

முதல் இரண்டு மாதம் எல்லாமே புதுசாக, அழகாக இருந்தது. அக்டோபர் கடைசியிலிருந்து சாயங்காலம் நாலு, நாலரை ஆனால் அழுகை வந்துவிடுகிறது. ஐந்து மணிக்கே இருட்டு. எப்போதும்போல ஆறு மணிக்கு அம்மாவுக்குப் போன் செய்தால் தூக்கக் கலக்கத்தில் பேசுகிறார். நானும் ‘நல்லா இருக்கேன்மா’ என்று வைத்துவிடுகிறேன்.

இங்கே எல்லோருக்கும் என் மேல் கோபமோ என்று தோன்றுகிறது. பேக்கரியில் ‘ஊன் பகெத், சில் வு ப்ளே’ என்று பாடம் செய்துகொண்டு போய்க் கேட்டேன். அந்த அம்மா என்னையே பார்த்து ‘போன்ழூர்’ என்று அழுத்திச் சொன்னார். ஒன்றும் புரியாமல் மறுபடி ரொட்டியைக் கேட்டேன். இன்னும் சத்தமாக ‘போன்ழூர்!’ என்றார். பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். அதன்பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. இன்னொரு நாள் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. காலை ஆறு மணிக்கு மெஷின் ஓடுகிறது, தூங்க முடியவில்லை என்று கீழ்வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார் என்று கணவர் படித்துச் சொன்னார். நான் இட்லிக்கு அரைத்ததுதான். அந்த மாவும் பொங்கவில்லை, கல்லு மாதிரி இருந்தது. போன வாரம் குப்பை கொட்டப் போனபோது கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சாவியும் போனும் உள்ளே. வீட்டுச் செருப்போடு, ஸ்வெட்டர்கூட இல்லாமல் இரண்டு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.

விசா பதிவெல்லாம் கணவரே முடித்துவிட்டார். ‘பிரெஞ்சு வகுப்பெல்லாம் எதுக்கு, டிவி பாத்தா வந்துடும், எல்லாம் நான் பாத்துக்கறேன்’ என்கிறார். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளை என்று சொந்தக்காரர்கள் எல்லாம் பெருமையாகப் பேசிய கல்யாணம். இதை வெளியே சொன்னால் திமிர் என்பார்கள். எனக்கு மனநோய் வந்துவிட்டதா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

நீங்கள் எழுதியதில் முதலில் என் கண்ணில் பட்டது ‘அக்டோபர் கடைசி’. பிரான்ஸில் அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைக்கிறார்கள். முதல் நாள் ஆறரைக்கு மறைந்த சூரியன் மறுநாள் ஐந்தரைக்கே மறைந்துவிடும். நமக்கும் அவர்களுக்கும் இருந்த மூன்றரை மணி நேர வித்தியாசமும் அன்றே நாலரை ஆகிவிடும். நீங்கள் ஆறு மணிக்கு அழைத்தபோது அதுவரை ஊரில் ஒன்பதரை. இப்போது அதே ஆறு மணிக்குப் பத்தரை. அம்மா தூங்கப்போகிற நேரம். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வெளிச்சமும் அம்மாவின் குரலும் சேர்ந்து தள்ளிப்போய்விட்டன. அழுகைக்குக் காரணமில்லை என்று எண்ண வேண்டாம்.

டிசம்பர் நடுவில் பாரிஸில் சூரியன் எட்டே முக்காலை ஒட்டி உதித்து ஐந்துக்கு முன்னால் மறைந்துவிடும். பகல் என்பது எட்டேகால் மணி நேரம்தான், அதிலும் பாதி நாள் மேகம். நம் ஊரில் மிகக் குறுகிய பகல்கூடப் பதினொரு மணி நேரத்துக்கு மேல். இத்தனை வருடம் அந்த வெளிச்சத்தில் பழகிய உடம்பு இது. காலை வெளிச்சம் கண்ணில் படாவிட்டால் தூக்கமும் விழிப்பும் முறை தவறும், மனசும் சோர்ந்துபோகும். அதனால் மருந்தைப் பற்றி யோசிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். தினமும் காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் அரை மணி நேரம் வெளியே நடங்கள். மேகமூட்டமாக இருந்தாலும் போங்கள், வீட்டு விளக்கைவிட வெளி வெளிச்சம் பல மடங்கு அதிகம். ஜன்னல் ஓரம் உட்காருவது இதற்கு ஈடாகாது. இரண்டு வாரம் நடந்தும் மாற்றம் இல்லையென்றால் 10,000 லக்ஸ் ஒளி விளக்கு என்று ஒன்று உண்டு. காலையில் அதன் முன் இருபது முப்பது நிமிடம் உட்கார வேண்டும். கண்ணில் கோளாறு இருந்தாலோ, மனநிலை ஏறி இறங்கும் நோய் குடும்பத்தில் இருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம். வைட்டமின் டி அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பேக்கரிக்கு வருகிறேன். நம் பெரிய மார்க்கெட்டில் ‘அண்ணா, அரைக் கிலோ தக்காளி’ என்று நேராகக் கேட்கிறோம். வணக்கம் சொல்வதில்லை, அது மரியாதைக் குறைவும் இல்லை. ஏனென்றால் அந்த ‘அண்ணா’விலேயே மரியாதை வந்துவிட்டது. அங்கே ‘அண்ணா’ கிடையாது. அந்த வேலையை, வணக்கம் என்று அர்த்தமுள்ள ‘போன்ழூர்’தான் செய்கிறது. அதைச் சொல்லாமல் பொருளைக் கேட்பது, இங்கே கடைக்காரரை ‘ஏய்’ என்று கூப்பிடுவதுபோல அவர்களுக்குப் படும். அந்த அம்மா உங்களை அவமானப்படுத்தவில்லை, நீங்கள் சொல்லாமல் விட்டதைச் சொல்லக் காத்திருந்தார். முறை இதுதான்: உள்ளே நுழைந்ததும் ‘போன்ழூர் மதாம்’, அவர் பதில் சொல்லும்வரை பொறுமை, பிறகு வேண்டியதைக் கேட்பது, கிளம்பும்போது ‘மெர்சி, ஒ ரெவ்வார்’ (நன்றி, போய்வருகிறேன்). இருட்டிய பிறகு ‘போன்ழூர்’ இடத்தில் ‘போன்சுவார்’ (மாலை வணக்கம்). லிஃப்டில் ஏறும்போதும், டாக்டரின் காத்திருப்பு அறையில் நுழையும்போதும் முன்பின் தெரியாதவர்களுக்கும் சொல்ல வேண்டும். மெத்ரோ ரயிலில் மட்டும் யாரும் சொல்வதில்லை, அங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பதுதான் வழக்கம். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே பேக்கரிக்கு, அதே நேரத்துக்குத் தொடர்ந்து பத்து நாள் போங்கள். வேறு கடை வேண்டாம், அவர் முகம் மாறுவதை நீங்கள் பார்க்க வேண்டும்.

வாரச் சந்தையும் அப்படித்தான். ஒரே காய்கறிக்காரரிடம் ஒரே கிழமையில் வாங்குங்கள். நம் ஊர்போலக் கத்தரிக்காயை அழுத்திப் பார்க்காதீர்கள், பல கடைகளில் அவர்களே எடுத்துத் தருவார்கள். இன்றைக்கா நாளைக்கா, எப்போது சமைக்கப் போகிறீர்கள் என்று கேட்டு அதற்கேற்ற பழமாகப் பொறுக்கித் தருகிறவர்களும் உண்டு. மொழி பழக அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கீழ்வீட்டுச் சீட்டு. இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை அங்கே அமைதி நேரம். மேடையில் வைத்த மிக்ஸியின் அதிர்வு சுவர் வழியாகக் கீழே இறங்கும். அரைப்பதைக் காலை பத்துக்கு மேல் வைத்துக்கொண்டு, அடியில் மடித்த துண்டு போடுங்கள். ஒரு சனிக்கிழமை அவர் வீட்டு மணியை அடித்து இந்த ஒரு வரி சொல்லுங்கள்: ‘போன்ழூர், ழ சுயி வோத்ர் வுவாசின், தேசொலே பூர் ல ப்ருயி.’ நான் உங்கள் பக்கத்து வீட்டுக்காரி, சத்தத்துக்கு மன்னிக்கவும் என்று அர்த்தம். சீட்டு ஒட்டியது பகை அல்ல. நேரில் சத்தம் போடாமல் விஷயத்தைச் சொல்ல அங்கே உள்ள வழி அது.

மாவு பொங்காததற்கும் உங்கள் கைராசிக்கும் சம்பந்தமில்லை. வீட்டுக்குள் 19 டிகிரி இருக்கும், மாவு புளிக்க 28, 30 வேண்டும். ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு, பாத்திரத்தைத் தட்டின்மேல் வைத்துக் கதவை மூடுங்கள். பன்னிரண்டு மணி நேரத்தில் தட்டில் வழியும். ஓவன் கதவில் ‘உள்ளே மாவு’ என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கணவர் தெரியாமல் சூடேற்றிவிடுவார்.

கதவு விஷயத்தில் கவனம். அங்கே பல கதவுகளுக்கு வெளியே திருகும் கைப்பிடி கிடையாது, சாத்தினால் பூட்டினதுதான். சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போடுங்கள், மாற்றுச் சாவியை மாமியார் வீட்டில் வையுங்கள். தபால் பெட்டியில் வந்து விழும் பூட்டுத் திறப்பவர் விளம்பரங்களை நம்பி அழைக்காதீர்கள், வந்து நின்றபின் பல நூறு யூரோ கேட்கிறவர்கள் அதில் உண்டு.

இனி கணவர். ‘எல்லாம் நான் பாத்துக்கறேன்’ என்பதில் பிரியம் இருக்கிறது. ஆனால் ஆடிட்டர் அலுவலகத்தில் பிறருடைய கணக்கையெல்லாம் பார்த்த பெண், தன் பெயருக்கு வந்த ஒரு கடிதத்தைக்கூடத் தானாகப் படிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பது மனசை அரித்துவிடும். வகுப்பு வேண்டாம் என்று அவர் முடிவு செய்ய முடியாது. விசா பதிவுக்குப் பிறகு குடியேற்ற அலுவலகமான ஓஃபி உங்கள் பெயருக்கு அழைப்பு அனுப்பும். நேர்காணலும் பிரெஞ்சுத் தேர்வும் வைத்து, குடியரசு ஒருங்கிணைப்பு ஒப்பந்தத்தில் உங்களிடம்தான் கையெழுத்து வாங்குவார்கள். அதில் சொன்ன பயிற்சிக்குப் போனீர்களா என்பதைக் குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கும்போது பார்ப்பார்கள். அந்த அழைப்பு வரும்வரை உங்கள் ஊர் மேரியில் கேளுங்கள். நம் கடற்கரைச் சாலையில் மேரி என்கிறோமே, அதே சொல், அதே நகராட்சிதான். புதிதாக வந்தவர்களுக்கான பேச்சு வகுப்பு அருகில் எங்கே நடக்கிறது என்று சொல்வார்கள். கணவரிடம் ‘எனக்குக் கஷ்டமா இருக்கு’ என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், அவர் ஆறுதல் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ‘சனிக்கிழமை என்னை மேரிக்குக் கூட்டிட்டுப் போங்க, பேசறது நான்’ என்று கேளுங்கள். பாஸ்போர்ட்டும் அட்டையும் எப்போதும் உங்கள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஒரு நாள் அவற்றைத் தர மறுத்தாலோ, வெளியே போகத் தடுத்தாலோ, அது பிரியம் அல்ல. பெண்களுக்கான 3919 இரவு பகல் எந்நேரமும் இயங்கும் இலவச எண்.

மனநோயா என்று கேட்டீர்கள். இதுவரை எழுதியதை வைத்துப் பார்த்தால், ஊர்விட்டு ஊர் போனவர்களுக்கு வருகிற துக்கமும் குளிர்கால வெளிச்சக் குறைவும் சேர்ந்ததாகத்தான் தெரிகிறது. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும், நாள் முழுக்க மனசு கனத்து, சாப்பாடும் தூக்கமும் கெட்டு, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போனால் குடும்ப டாக்டரிடம் போங்கள். மருத்துவக் காப்பீட்டு எண் வந்ததும், மோன் சுத்தியென் ப்சி என்ற ஏற்பாட்டில் உளவியலாளரை வருடத்துக்கு 12 முறை வரை பார்க்கலாம், செலவில் பெரும்பகுதி காப்பீட்டில் திரும்ப வரும். உயிரோடு இருப்பதே பாரம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் காத்திருக்காமல் 3114-ஐ அழையுங்கள், அதுவும் 24 மணி நேரமும் இலவசம்.

அம்மாவுக்கான போனை நாளையிலிருந்து மதியம் மூன்று மணிக்கு மாற்றுங்கள். ஊரில் ஏழரை, அம்மா விழித்திருப்பார். உங்களுக்கும் இருட்டுவதற்கு முன்னால் பேசி முடித்ததாக இருக்கும். ‘நல்லா இருக்கேன்’ என்பதை விட்டுவிடச் சொல்லவில்லை, கூடவே அன்றைக்கு நடந்த உண்மை ஒன்றும் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் அவர் பயந்துவிடுவார். முதல் நாள் பொங்காத மாவைப் பற்றிச் சொல்லுங்கள், அம்மாவுக்கு அதில் சொல்ல நிறைய இருக்கும்.