அண்டார்டிகாவில் ஃப்ரிட்ஜ் யார் வைத்திருக்கிறார்கள்?

அன்புள்ள ஐயா,

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஓசோன் பாடம் சொல்லிக்கொடுத்தேன். அண்டார்டிகாவின் மேலே ஓசோன் படலத்தில் ஓட்டை விழ, ஃப்ரிட்ஜிலிருந்தும் ஸ்ப்ரே டப்பாவிலிருந்தும் வந்த குளோரோஃபுளோரோ கார்பன் என்ற வாயுதான் காரணம் என்றதும், "அண்டார்டிகாவுல ஃப்ரிட்ஜ் யாருப்பா வச்சிருக்காங்க?" என்று கேட்டுவிட்டாள். அந்த வாயு காற்றைவிடக் கனமாயிற்றே, மேலே எப்படிப் போகிறது என்பது என் சந்தேகம். விளக்க முடியுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மகளுக்கு என் பாராட்டு. பாடப்புத்தகம் எழுப்பியிருக்க வேண்டிய கேள்வி அது.

கனம் பற்றி முதலில். காற்று அசையாமல் நின்றால்தான் கனமானது அடியில் தங்கும். வளிமண்டலம் ஓயாமல் கலங்கிக்கொண்டிருக்கிறது. மழையிலும் கரையாத, எதனோடும் எளிதில் சேராத இந்த வாயு சில ஆண்டுகளில் உலகெங்கும் பரவிவிடும். வெளியிட்டது பெரும்பாலும் வட கோளம். ஆனாலும் அண்டார்டிகாவின் மேலே ஏறக்குறைய அதே அளவு இருக்கிறது. குளோரின் எல்லோருக்கும் பொது. துருவத்துக்கென்று இருப்பது குளிர்.

மேலே புற ஊதாக் கதிர் பட்டு வெளிவரும் குளோரினில் பெரும்பகுதி ஹைட்ரஜன் குளோரைடு, குளோரின் நைட்ரேட் என்ற இரண்டு சேர்மங்களுக்குள் அடைபட்டுவிடும். இவை ஓசோனைத் தொடுவதில்லை. குளிர்காலத்தில் தென்துருவத்தைச் சுற்றி ஒரு பெரும் காற்றுச் சுழல் உருவாகிறது. உள்ளே மாட்டிய காற்று, சூரியனே வராத இருட்டில் வெளிக்காற்றோடு கலக்காமல் குளிர்ந்துகொண்டே போகும். சுமார் மைனஸ் 78 டிகிரிக்குக் கீழே போனால், ஈரமே இல்லை எனத்தக்க அந்த உயரத்திலும் மேகம் கட்டும். நைட்ரிக் அமிலமும் நீரும் சேர்ந்த நுண்துகள்கள் அவை. அடைபட்ட இரண்டு சேர்மங்களும் அந்தத் துகள்களின் மேற்பரப்பில் சந்திக்கின்றன. வெறும் வாயுவாக இருக்கையில் நடக்கவே நடக்காத வினை இங்கே மளமளவென்று நடந்து, குளோரின் மூலக்கூறு வெளியேறுகிறது. நைட்ரிக் அமிலம் துகளிலேயே தங்கிவிடுகிறது. பலரும் சொல்லாமல் விடுவது இதைத்தான்: குளோரினை மறுபடி கட்டிப்போட நைட்ரஜன் சேர்மம் வேண்டும். அதுவோ துகளோடு கீழே இறங்கிவிட்டது. வசந்தம் பிறந்து வெயில் வந்ததும் குளோரின் மூலக்கூறு பிளக்கிறது. ஒவ்வோர் அணுவும் ஆயிரக்கணக்கான ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கும்.

அண்டார்டிகாவில் பிரிட்டன் நடத்தும் ஹாலி ஆய்வுநிலையத்தின் அளவீடுகளை வைத்து ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் என்ற விஞ்ஞானிகள் மூவரும் இந்த ஓசோன் சரிவை அறிவித்தது 1985இல். மேகத்துகளே காரணம் என்று வேதியியலாளர் சூசன் சாலமன் குழுவினர் 1986இல் எழுதியபோது, காற்றோட்டத்தின் மீதும் சூரியனின் மீதும் பழிபோட்டவர்களும் இருந்தார்கள். 1987 செப்டம்பர் 16 அன்று, சிலியின் புன்டா அரினாஸிலிருந்து கிளம்பிய நாசாவின் ஈஆர்-2 விமானம் சுழலுக்குள் நுழைந்தது. குளோரின் ஓசோனைத் தாக்கும்போது உண்டாகும் குளோரின் மோனாக்சைடு ஏறிய இடங்களிலெல்லாம் ஓசோன் சரிந்திருந்தது. ஓசோனை அழிக்கும் இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்படிக்கை கையெழுத்தானதும் அதே நாளில்தான். கையெழுத்துப் போட்டவர்கள் அந்த அளவீட்டைப் பார்த்திருக்க வழியில்லை!

"அப்போ வட துருவம்?" என்று மகள் அடுத்துக் கேட்பாள். அங்கே மலைகளும், நிலமும் கடலும் மாறி மாறி வரும் அமைப்பும் காற்றலைகளை மேலே அனுப்பிச் சுழலைக் குலைத்துவிடுகின்றன. அதனால் போதிய குளிர் நீடிப்பதில்லை. 2011இலும் 2020இலும் சுழல் குலையாமல் வசந்தம்வரை நின்றது. ஓசோன் அங்கும் பெருமளவு சரிந்தது. அந்த ஆண்டுகளில் குளோரின் ஒன்றும் கூடிவிடவில்லை, மெல்லக் குறைந்துகொண்டுதான் இருந்தது.