ஸ்டோர்னோவேயில் குளிர் எப்படி இருக்கும்?

கேள்வி: என் மகள் செவிலியர் வேலைக்காக வரும் ஜனவரியில் ஸ்காட்லாந்தின் ஸ்டோர்னோவே என்ற சிறிய ஊருக்குச் செல்கிறாள். அங்கே ஜனவரி வெப்பநிலை 7 டிகிரி என்று ஓரிடத்திலும் 2 டிகிரி என்று வேறோரிடத்திலும் போட்டிருக்கிறார்கள். உறவினர் ஒருவரோ, ஸ்காட்லாந்தில் மைனஸ் 27 வரை இறங்கும், பனிமலைக்குப் போகிறவர்கள் அணியும் கனத்த அங்கி இல்லாமல் பிள்ளையை அனுப்பாதீர்கள் என்கிறார். யார் சொல்வதை நம்புவது?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: மூன்று எண்களும் உண்மையானவைதாம். ஜனவரி மாதப் பகல் உச்ச வெப்பநிலையின் சராசரி சுமார் 7 டிகிரி செல்சியஸ். இரவுக் குறைந்த அளவின் சராசரி சுமார் 2 டிகிரி. ஒரே மாதத்தின் இரு முனைகளை இரண்டு இணையதளங்கள் தனித்தனியே போட்டதால் வந்த குழப்பம் இது. உறவினர் சொன்ன மைனஸ் 27.2 டிகிரியும் ஸ்காட்லாந்தில் பதிவானதே. ஆனால் அது உள்நாட்டில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கும் பிரேமர் என்ற ஊரில், 1895 பிப்ரவரியிலும் 1982 ஜனவரியிலும் பதிவானது. காற்றே இல்லாத தெளிந்த இரவில், பனி மூடிய சரிவுகளிலிருந்து குளிர்ந்த காற்று கீழே வடிந்து பள்ளத்தில் தேங்குவதால் அப்படி உறைகிறது.

தங்கள் மகள் போகும் ஊர் லூயிஸ் தீவின் கடற்கரையில் இருக்கிறது. வேறுபாடு முழுவதும் அதில்தான் அடங்கியிருக்கிறது. கனடாவில் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள சர்ச்சில் என்ற ஊரும் ஏறத்தாழ அதே அட்சரேகையில்தான் உள்ளது. அங்கே கடல் உறைந்துவிடுவதால் ஜனவரிச் சராசரியே மைனஸ் 25 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஸ்டோர்னோவேயைச் சுற்றியுள்ள அட்லாண்டிக் கடலோ உறைவதில்லை. தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டமும், கடலின் வெப்பத்தை ஏந்தி ஆண்டு முழுவதும் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும் காற்றும் அந்தத் தீவைக் கடுங்குளிரிலிருந்து காக்கின்றன. மே மாதத்தில் கடற்காற்று முன்னதாகவே புகுந்துவிட்டால் அம்பத்தூரைவிடக் காசிமேட்டில் வெயில் தணிந்திருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். கடல் அங்கே குளிரைத் தணிக்கிறது.

அதே கடல் கோடையையும் எழவிடுவதில்லை. ஜூலை, ஆகஸ்டில்கூடப் பகல் உச்சம் சராசரியாக 16 டிகிரிதான், இரவில் சுமார் 11. நம் ஊரில் அக்னி நட்சத்திரம் கொளுத்தும் மே மாதத்தில் அங்கே பகலில் 12 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சென்னையில் ஜனவரிப் பகலுக்கும் மே மாதப் பகலுக்கும் இடையே ஏழெட்டு டிகிரி வித்தியாசம் என்றால், அங்கே ஜனவரிக்கும் ஜூலைக்கும் இடையே ஒன்பது டிகிரிதான். கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவதால் பிப்ரவரியும் ஜனவரியைப் போலவே குளிரும். மார்ச் வந்ததும் குளிர் விட்டுவிடும் என்று மகள் எதிர்பார்க்க வேண்டாம்.

நான் கவலைப்படுவது வெப்பநிலையைப் பற்றி அல்ல, காற்றைப் பற்றி. பிரிட்டனில் பலத்த காற்று வீசும் ஊர்களில் ஸ்டோர்னோவேயும் ஒன்று. 5 டிகிரி வெப்பநிலையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்திருக்கும் முகத்துக்கும் கைக்கும் அது பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதுபோல் உறைக்கும். கூடவே மழை: ஆண்டுக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர், நம் மழையளவைவிடச் சற்றுக் குறைவுதான் என்றாலும், நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ப்பதுபோல் அல்லாமல் எல்லா மாதங்களிலும் தூறிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றில் குடை நிற்காது. ஆகவே பனிமலை அங்கிக்குப் பணத்தைச் செலவிட வேண்டாம். நீர் புகாத, காற்றுத் தடுக்கும், தலையை மூடும் மேலங்கி ஒன்றும், அதனுள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அணிய மெல்லிய கம்பளி ஆடைகளும், நனைந்தால் மாற்றிக்கொள்ள இரண்டு ஜோடிக் கையுறைகளும் போதும். மேலங்கியை அங்கு போய் வாங்குவதே நல்லது. இங்கிருந்து அனுப்ப வேண்டியவை உள்ளே அணியும் வெப்ப உள்ளாடைகளும் காலுறைகளும்தான்.

கேள்வி: சராசரி 7 டிகிரி என்றால் ஜனவரியில் எல்லா நாளும் அப்படித்தான் இருக்குமா?
– ஒரு மாணவர், வியாசர்பாடி

பதில்: இல்லை. ஒவ்வொரு நாளின் உச்சத்தையும் குறித்து, 30 ஆண்டுகளுக்கு அவற்றைக் கூட்டி வகுத்துப் பெறுவதே இந்தச் சராசரி. மேற்கிலிருந்து காற்று வீசும் ஜனவரி நாளில் 10 டிகிரியைத் தொடலாம். வடக்கிலிருந்து துருவக் காற்று இறங்கினால் பகலிலும் 3 டிகிரியைத் தாண்டாமல் பனி பெய்யலாம், ஆயினும் கடலோரத்தில் அது நெடுநாள் தங்குவதில்லை. இணையத்தில் எண்களைப் பார்க்கும்போது எந்த 30 ஆண்டுகளுக்கு உரியவை என்று பாருங்கள். இப்போது வழக்கில் உள்ளவை 1991 முதல் 2020 வரையிலானவை. 1961 முதல் 1990 வரையிலான பழைய கணக்கோடு ஒப்பிட்டால் பிரிட்டன் முழுமைக்குமான சராசரி ஏறத்தாழ ஒரு டிகிரி உயர்ந்திருக்கிறது.